தொங்கு தொட்டிச் செடிகளும் வெளிச்சமும்: குமரி வீடுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்து விளைகளில் மணி பிளான்ட் பலா மரத்திலும் தென்னையிலும் தொற்றி ஏறி, முறம் அளவுக்கு இலை விரித்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே கொடியில் ஒரு துண்டை ஒடித்து வீட்டுக்குள் ஃபிரிட்ஜின் மேல் வைத்தால், சில மாதங்களில் அது முழத்துக்கு இரண்டு இலை என்று நூலாக நீண்டுவிடுகிறது. பற்றி ஏற மரம் கிடைப்பது இந்த வேறுபாட்டுக்கு ஒரு காரணம். மரக்கிளைகளின் ஊடே வடிந்து வரும் வெளிச்சம் பகல் முழுவதும் கிடைப்பது இன்னொரு காரணம். மரத்தை வீட்டுக்குள் கொண்டுவர முடியாது என்றாலும் வெளிச்சத்தைச் சரிசெய்ய முடியும், அதற்குப் பெரும்பாலும் செலவே இல்லை.

‘நிழலில் வளரும் செடி’ என்று நர்சரியில் சொல்வதை ‘இருட்டிலும் வளரும்’ என்று எடுத்துக்கொள்வதுதான் முதல் தவறு. நம் கண் மங்கலான இடத்துக்கு விரைவில் பழகிவிடுவதால், நாளிதழ் படிக்க முடிகிற அறை செடிக்கும் போதும் என்று தோன்றுகிறது. அளந்து பார்த்தால் நிலைமை வேறு. வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். உச்சி வெயிலில் திறந்த முற்றத்தில் சுமார் 1,00,000 லக்ஸ் வெளிச்சம் இருக்கும். மேகம் மூடிய பகலில்கூட வெளியே 10,000 லக்ஸ் அளவில் இருக்கக்கூடும். ஜன்னலை ஒட்டிய இடத்தில் அது ஓரிரு ஆயிரமாகச் சுருங்கி, ஹாலின் உள் மூலையில் 100 லக்ஸ் அளவுக்கோ அதற்கும் கீழேயோ இறங்கிவிடும். செல்பேசியில் லக்ஸ் அளக்கும் செயலி ஒன்றை நிறுவிக்கொண்டால், துல்லியம் குறைவாக இருந்தாலும், இரண்டு இடங்களை ஒப்பிட்டுப் பார்க்க அது போதும். பகலில் பெரும்பகுதி நேரம் 2,000 லக்ஸை ஒட்டி வெளிச்சம் கிடைக்கும் இடத்தில் மணி பிளான்ட் செழிக்கும். 500 லக்ஸுக்குக் கீழே உயிரைப் பிடித்துக்கொண்டிருக்குமே தவிர வளர்ச்சி இருக்காது. செயலி வேண்டாம் என்பவர்கள் தொட்டிக்கு ஓர் அடி உயரத்தில் கையை நீட்டிப் பார்க்கலாம். விளிம்பு மங்கிய நிழல் விழுந்தால் வெளிச்சம் சரியான அளவில் இருக்கிறது. நிழலே விழாவிட்டால் போதவில்லை. கத்தரித்தது போலக் கூர்மையாக விழுந்தால் நேர் வெயில் படுகிறது.

தொங்கும் செடிகளுக்கென்றே உரிய தவறு ஒன்று உண்டு. மிகப் பரவலாக நடப்பதும், மிகக் குறைவாகக் கவனிக்கப்படுவதும் அதுதான். கொடி நீளமாகத் தொங்க வேண்டும் என்பதற்காகத் தொட்டியை மேற்கூரைக் கொக்கியில், ஜன்னலின் மேல் சட்டத்தைவிட உயரத்தில் மாட்டிவிடுகிறோம். வெளிச்சம் ஜன்னல் வழியாகச் சாய்வாகக் கீழ்நோக்கித்தான் உள்ளே வருகிறது. ஆகவே தொட்டியின் வாய்க்கும், கொடிகள் மண்ணிலிருந்து கிளம்பும் உச்சிப் பகுதிக்கும் ஏறக்குறைய ஒன்றும் கிடைப்பதில்லை. இரண்டடி கீழே தொங்கும் நுனிகளுக்கு மட்டுமே கிடைக்கிறது. செடி உச்சியிலிருக்கும் இலைகளை ஒவ்வொன்றாக உதிர்த்துவிட்டு, நுனியில் மட்டும் இலை தாங்கி நிற்கும். நாமோ உரம் போதவில்லை என்று நினைத்து உரத்தைக் கொட்டுகிறோம். தொட்டியின் மண்மட்டம் ஜன்னலின் மேல் விளிம்புக்குக் குறைந்தது ஓர் அடி கீழே இருக்கும்படி சங்கிலியை நீட்டிவிடுவதே இதற்குச் சரியான மருந்து. ஏற்கெனவே மொட்டையாகிவிட்ட உச்சியைத் திரும்ப நிரப்ப, நீண்ட கொடி ஒன்றை மேலே சுற்றிக் கொண்டுவந்து மண்ணின் மேல் வளையமாகப் படுக்கவைத்து, வளைத்த கம்பித் துண்டால் கணுக்களைப் பதித்துவிடுங்கள். கணுவில் பழுப்பு நிறத்தில் சிறு முள் போலத் துருத்தி நிற்பது காற்று வேர். அது மண்ணைத் தொட்டதும் வேரோடும், வெளிச்சமும் இருந்தால் அந்தக் கணுவிலிருந்தே புதுத் தளிர் கிளம்பும்.

அடுத்தது திசை. ‘தெற்கு ஜன்னலில் வெயில் அதிகம், வடக்கு ஜன்னலில் வெயிலே வராது’ என்ற அறிவுரை இணையம் எங்கும் இருக்கிறது. அது ஐரோப்பா, அமெரிக்கா போன்ற இடங்களுக்காக எழுதப்பட்டது. அங்கே அது சரி. நம் மாவட்டமோ நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 8 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் நண்பகல் சூரியன் நாகர்கோவிலுக்கு நேர் உச்சியில் நிற்கிறது. அதன்பின் வடக்கே நகர்ந்து, ஆகஸ்ட் முடிந்து செப்டம்பர் பிறக்கும்போதுதான் மறுபடி உச்சிக்கு வருகிறது. இடைப்பட்ட நான்கரை மாதங்களும் நண்பகல் வெயில் நமக்கு வடக்குப் பக்கத்திலிருந்துதான் விழுகிறது. காலையிலும் மாலையிலும் சாய்ந்த வெயில் வடக்கு ஜன்னலுக்குள் எட்டிப் பார்க்கும். அதே காலத்தில் தெற்கு ஜன்னலுக்கு நேர் வெயில் ஏறக்குறைய இல்லை. கூடவே தென்மேற்குப் பருவமழையின் மேகமும் சேர்ந்துகொள்வதால், ஆனி, ஆடி மாதங்களில் தெற்கு அறைகள் மிகவும் மங்கிப்போகின்றன. மார்கழியில் நிலைமை தலைகீழாகும். அப்போது நண்பகல் சூரியன் உச்சியிலிருந்து சுமார் 32 பாகை தெற்கே சாய்ந்திருக்கும். இரண்டடி சன்ஷேடு இருந்தால் அதன் நிழல் சுவரில் மூன்றேகால் அடி வரைதான் இறங்கும். அதற்குக் கீழே ஜன்னல் விளிம்பில் வைத்த தொட்டியில் நேர் வெயில் படும். எனவே தொங்கு தொட்டியை வருடம் முழுவதும் ஒரே கொக்கியில் விட்டுவிடாமல், சித்திரையிலும் புரட்டாசியிலும் ஒரு முறை இடத்தைச் சரிபார்ப்பது நல்லது. மாற்ற வசதியில்லை என்றால் கிழக்கு ஜன்னலைத் தேர்ந்தெடுங்கள். காலை ஒன்பது மணி வரையிலான இளவெயில் இந்தக் கொடிகளுக்குப் பெரும்பாலும் கேடு செய்வதில்லை. மேற்கு ஜன்னலின் மூன்று மணி வெயில் அப்படியல்ல. சுவரும் சூடேறியிருக்கும் நேரம் அது. அங்கே மெல்லிய திரைச்சீலை ஒன்று அவசியம்.

திசை சரியாக இருந்தும் செடி ஏங்குகிறது என்றால், ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது என்று பாருங்கள். நம் ஊரில் பல வீடுகள் மரங்களுக்கு நடுவே நிற்கின்றன. கிழக்கு ஜன்னலுக்கு எதிரே அயனி மரமோ மாமரமோ அடர்ந்திருந்தால் அது கிழக்கு ஜன்னல் என்பதில் பயனில்லை. ஆழமான வராந்தா, கார் போர்ச், கொசுவலை, நிறம் பூசிய கண்ணாடி ஆகிய ஒவ்வொன்றும் தன் பங்குக்கு வெளிச்சத்தைக் குறைக்கின்றன. தொட்டி இருக்கும் உயரத்துக்குத் தலையைக் கொண்டுபோய் வெளியே பாருங்கள். அங்கிருந்து வானத்தின் ஒரு துண்டாவது தெரிய வேண்டும். சுவரும் இலைகளும் மட்டுமே தெரிந்தால் அந்த இடம் வேண்டாம்.

வெளிச்சம் போதவில்லை என்று தெரிந்தவுடன் செடியைத் தூக்கிக்கொண்டுபோய் மொட்டைமாடியில் வைப்பது எதிர்த்திசைத் தவறு. நிழல்வலைக்குள் வளர்ந்து நர்சரியிலிருந்து வந்த செடிக்கும், மாதக்கணக்கில் அறைக்குள் இருந்த செடிக்கும் நேர் வெயிலைத் தாங்கும் இலை கிடையாது. ஒரே பிற்பகலில் இலையின் நடுவில் வெளிறிய திட்டு விழுந்து, இரண்டொரு நாளில் அது காகிதம் போலக் காய்ந்துவிடும். வெந்த திட்டு மறுபடி பச்சையாவதில்லை. இரண்டு மூன்று வாரங்களில், ஜன்னலருகே, பிறகு வராந்தா உள்பக்கம், பிறகு வராந்தா விளிம்பு என்று படிப்படியாக நகர்த்துங்கள். மழை நாட்களில் இப்படி நகர்த்திவிட்டு, வானம் திடீரென்று வெளுக்கும் நாளைக் கவனிக்காமல் விடுவதும் இலையைப் பொசுக்கும்.

தொங்குகிற செடிகளையெல்லாம் ஒரே கொக்கி வரிசையில் மாட்டுவதும் சரியல்ல. முழுப் பச்சை மணி பிளான்ட் குறைந்த வெளிச்சத்தையும் பொறுத்துக்கொள்ளும். வெள்ளை வரியோடிய வகைகளில் வெள்ளைப் பகுதிக்குப் பச்சையம் இல்லாததால் உணவு தயாரிக்க முடியாது. அவற்றுக்குக் கூடுதல் வெளிச்சம் வேண்டும், கிடைக்காவிட்டால் புது இலைகள் பச்சையாகவே வரும். அப்படி முழுப் பச்சையாக மாறிய கொடியை, வரி தெரியும் கடைசி இலையை விட்டுவிட்டு, அதற்குச் சற்று அப்பால் நுனிப் பக்கமாக வெட்டிவிட்டு இடத்தை மாற்றினால் நிறம் திரும்ப வாய்ப்புண்டு. டர்ட்டில் வைன் இன்னும் வெளிச்சம் கேட்கும். நிழலில் அதன் அடர்ந்த மெத்தை கலைந்து தண்டு தண்டாகத் தெரியும். பத்துமணிச் செடிக்கோ திறந்த வெயில்தான் வேண்டும். அதை வராந்தாவுக்குள் அழகுக்காக மாட்டிவிட்டுப் பூக்கவில்லை என்று வருந்துவது அந்தச் செடிக்குச் செய்யும் அநியாயம்.

வெளிச்சத்தைப் பார்க்காமல், நாள் கணக்கில் தண்ணீர் ஊற்றும் பழக்கத்தையும் விட வேண்டும். மங்கலான இடத்தில் செடி குறைவாகவே நீரை உறிஞ்சும். ஐப்பசி மழையில் காற்றும் ஈரமாக இருக்கும்போது, கோடையில் ஊற்றிய அளவையே தொடர்ந்தால் வேர் அழுகி இலை மஞ்சளாகும். அந்த மஞ்சளை வெளிச்சக் குறை என்று எண்ணி வெயிலில் வைத்தால் கேடு இரட்டிப்பாகும். விரலின் இரண்டு கணு ஆழம் வரை மண் உலர்ந்த பிறகே ஊற்றுங்கள்.

ஜன்னலே இல்லாத அடுக்களை மூலையிலோ ஃபிளாட்டின் நடைவழியிலோதான் கொடி வேண்டும் என்றால், சாதாரண வெள்ளை எல்.இ.டி. விளக்கே போதும். ஊதா நிறச் செடி விளக்கு தேவையில்லை. கூரையில் எரியும் விளக்கை நம்பாமல், தனி விளக்கு ஒன்றைத் தொட்டியின் உச்சிக்கு ஓர் அடி தொலைவில் பொருத்தி, ஒரு நாளைக்கு 12 மணி நேரம் எரியவிடுங்கள். புதிதாக வரும் இலை முந்தைய இலையைவிடச் சிறுத்திருந்தாலோ, கணுக்களுக்கு இடையிலான தூரம் கூடிக்கொண்டே போனாலோ, விளக்கை இன்னும் சற்றுக் கீழே இறக்குங்கள்.