‘டிப்ரஷன்’ என்ற சொல்லைத் தமிழாக்குவது எப்படி?

ரங்கூனில் மருத்துவச் சீட்டுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதால், அவற்றைப் படித்துச் சொல்லும் வேலை வீட்டில் ஆங்கிலம் தெரிந்தவர் தலையில் விழும். என் பெரியம்மாவின் ஈசிஜி சீட்டில் ‘எஸ்டி டிப்ரஷன்’ என்றிருந்ததைப் பார்த்து, அவருக்கு மனச்சோர்வு என்று நான் அறிவித்துவிட்டேன். “எனக்கு என்னடா சோர்வு? படியேறினால்தான் மூச்சு வாங்குது” என்று அவர் அதட்டிய பிறகே மருத்துவரிடம் திரும்பிப் போனேன். ஈசிஜி வரைபடத்தில் எஸ் அலைக்கும் டி அலைக்கும் இடைப்பட்ட கோடு தன் மட்டத்திலிருந்து இறங்கியிருக்கிறது, இதயத் தசைக்கு இரத்தம் போதாமல் இருக்கலாம் என்பதே அதன் பொருள்.

ஆகவே முதலில் அகராதியைத் திறக்காமல், எது தாழ்ந்திருக்கிறது என்று கேளுங்கள். ‘கீழே அமுக்குதல்’ என்னும் இலத்தீன் வேரிலிருந்து வந்த சொல் இது; தாழ்ந்த பொருள் தெரிந்தால் தமிழ்ச்சொல் தானே அமையும். தரை தாழ்ந்தால் பள்ளம். கணக்குப் பாடத்தில் பார்வைக்கோடு தாழ்ந்தால் இறக்கக்கோணம். மருந்தால் மூச்சு தாழ்ந்தால் சுவாச ஒடுக்கம்.

வானிலையில் தாழ்வது காற்றின் அழுத்தம். இந்திய வானிலைத் துறையின் கணக்குப்படி, அழுத்தம் தாழ்ந்த இடத்தைச் சுற்றி வீசும் காற்றின் வேகம் மணிக்கு 31 முதல் 49 கிலோமீட்டர் வரை இருந்தால் அது காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 50 முதல் 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம். அதற்கு மேல் புயல். 2008 மே 2 அன்று ஐராவதிக் கழிமுகத்தில் கரையேறிய நர்கிஸ் புயலும் வங்கக்கடலில் தாழ்வு மண்டலமாகத்தான் தொடங்கியது. எனவே இதைச் சுருக்கி ‘தாழ்வு’ என்று மட்டும் எழுதி, படிப்பவரை ஏமாற்றாதீர்கள்.

பொருளாதாரத்தில் தாழ்வது விலையும் வேலையும். 1929 இல் தொடங்கிய உலகப் பொருளாதார வீழ்ச்சியான ‘கிரேட் டிப்ரஷனை’ப் பெருமந்தம் எனலாம். பர்மாத் தமிழருக்கு இது வெறும் பாடநூல் சொல்லன்று. நெல் விலை சரிந்து, விவசாயிகளால் கடனை அடைக்க முடியாமல் போனபோது, அடகு நிலங்கள் கடன் கொடுத்த செட்டியார்களிடம் வந்து சேர்ந்தன. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930 இல் சுமார் 6 விழுக்காடாக இருந்த அவர்களது நிலம், 1938 வாக்கில் கால்பங்கானது.

மனம் தாழ்ந்தால் மனச்சோர்வு. பலரும் எழுதும் ‘மன அழுத்தம்’ வேலைப்பளுவால் வரும் நெருக்கடிக்கே பொருந்தும் என்பது என் கருத்து. இரண்டு வாரங்களுக்குக் குறையாமல், பெரும்பாலும் நாள் முழுவதும் நீடித்து, உறக்கத்தையும் பசியையும் குலைப்பதையே மருத்துவர் நோயாகக் கொள்வார். அதற்கு ‘மனச்சோர்வு நோய்’ என்று முழுதாக எழுதுங்கள். பெரியவர்களுக்காக மருத்துவரிடம் பேசும்போது மட்டும் இந்தச் சொல்லை நீங்களாக எடுத்துக் கொடுக்காதீர்கள். “எதிலேயும் மனசு ஒட்டலை, சோறு இறங்கலை” என்று அவர் சொன்னால் அதை அப்படியே சொல்லி, எத்தனை நாளாக என்பதையும் கேட்டுச் சொல்லுங்கள்.