பதினாறு பந்துகளும் ஒரு ஹெல்மெட்டும்: சிறுவர் அணிக்கு பேஸ்பால் வரலாறு சொல்லித் தரும் முறை

ஏப்ரல் 15 அன்று அமெரிக்காவின் பெரிய லீக்கில் (மேஜர் லீக் பேஸ்பாலில்) எல்லா வீரர்களும் ஜாக்கி ராபின்சனின் எண்ணான 42ஐ அணிவார்கள். ஏன் என்று 11 வயதுப் பிள்ளையைக் கேட்டால், "ஜாக்கி ராபின்சன்தான் முதல் கறுப்பின வீரர்" என்ற பதில் வரும். அது பாதிதான் சரி. மீதிப் பாதியைச் சொல்லித் தர வகுப்பறை வேண்டாம், பயிற்சிக்கு முன் 10 நிமிடம் போதும். ஒரு நாளைக்கு ஒரே கதை. அதோடு கையில் தொட்டுப் பார்க்க ஒரு பொருள்.

ராபின்சனிலிருந்து தொடங்குங்கள். தேவை 16 பந்துகள். ஆடுகளத்தின் எல்லையான ஃபவுல் கோட்டின் மேல் வரிசையாக வையுங்கள். 1947இல் பெரிய லீக்கில் இருந்தவை 16 அணிகள். ஓர் அணிக்கு ஒரு பந்து. நீங்கள் ஆண்டைச் சொல்லச் சொல்ல, கறுப்பின வீரரை அந்த ஆண்டு முதன்முதலாகக் களமிறக்கிய அணிகளின் எண்ணிக்கைக்கு ஏற்பப் பிள்ளைகள் பந்துகளை எடுக்க வேண்டும். 1947இல் மூன்று: ஏப்ரல் 15இல் ராபின்சனுடன் புரூக்ளின், ஜூலை 5இல் லாரி டோபியுடன் கிளீவ்லாந்து, அதே மாதம் செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ். 1948இல் ஒன்றுமில்லை. அந்த ஆண்டையும் சொல்லி, யாரும் குனியாமல் நிற்கட்டும். 1949, 1950, 1951 ஒவ்வொன்று. 1952இல் மறுபடியும் இல்லை. 1953இல் இரண்டு, 1954இல் நான்கு, 1955இல் ஒன்று.

1956இல் நிறுத்துங்கள். ராபின்சன் ஆடிய கடைசி சீசன் அது. தரையில் இன்னும் மூன்று பந்துகள் கிடக்கும். அவற்றைப் பிள்ளைகள் நன்றாகப் பார்க்கட்டும். விளக்கம் சொல்ல அவசரப்படாதீர்கள். பிறகு 1957இல் பிலடெல்பியா, 1958இல் டெட்ராய்ட், 1959இல் பாஸ்டன் ரெட் சாக்ஸ். கதவு ஒரே நாளில் திறந்துவிடவில்லை என்பதைப் பேச்சால் புரியவைப்பது கடினம், குனிந்து எடுக்கும் கை புரிந்துகொள்ளும்.

இங்கே இரண்டு தவறுகள் நேரும். ஒன்று, "அவருக்கு முன் யாருமே ஆடவில்லை" என்று முடித்துவிடுவது. மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர் 1884இலேயே டொலீடோ அணிக்காகப் பெரிய லீக்கில் ஆடினார். அதற்குப் பின் முதலாளிகள் எழுதப்படாத உடன்பாட்டால் கறுப்பின வீரர்களை ஒதுக்கினார்கள். இரண்டாவது, திறமையான கறுப்பின வீரர்களே கிடைக்கவில்லை என்ற எண்ணத்தை விட்டுவைப்பது. ரூப் ஃபாஸ்டர் 1920இல் தொடங்கிய, கறுப்பின வீரர்களுக்கான நீக்ரோ நேஷனல் லீக்கைக் கட்டாயம் சொல்லுங்கள். இது போன்ற கறுப்பின லீக்குகளின் புள்ளிவிவரங்கள் 2024இல் பெரிய லீக் பதிவேட்டில் சேர்ந்தபோது, வாழ்நாள் பேட்டிங் சராசரியில் அதுவரை முதலிடத்தில் இருந்த டை காப்பை முந்தி, அந்த லீக்குகளில் ஆடிய ஜாஷ் கிப்சன் .372 உடன் முதலிடத்துக்கு வந்தார்.

அடுத்த நாள் ஹெல்மெட். ஒரு பழைய பந்தை ஈர மண்ணில் புரட்டி, புதுப் பந்தோடு சேர்த்து 46 அடி தள்ளி நின்று காட்டுங்கள், வீச வேண்டாம். சாயங்கால வெளிச்சமாக இருந்தால் நல்லது. எது கண்ணுக்குத் தெரிகிறது என்று கேளுங்கள். 1920 ஆகஸ்டில் கார்ல் மேஸ் வீசிய பந்து தலையில் பட்டு கிளீவ்லாந்தின் ரே சாப்மன் இறந்தார். அழுக்கேறிய பந்தை மாற்றாமல் ஆடிய காலம் அது. ஹெல்மெட் கட்டாயமானது 1971இல்தான். முன்பே ஆடிவந்தவர்களுக்கு அப்போதும் விலக்கு இருந்தது. எட்டு வயதுக்குக் கீழ் இருந்தால் மரணத்தை விவரிக்காமல், பந்து ஏன் அடிக்கடி மாற்றப்படுகிறது என்பதோடு நிறுத்துங்கள்.

மூன்றாம் நாளுக்கு அளவு நாடா போதும். பேட்டர் நிற்கும் இடமான ஹோம் பிளேட்டிலிருந்து 46 அடியில் ஒரு கூம்பு. அது பிள்ளைகள் பந்து வீசும் தூரம். 60 அடி 6 அங்குலத்தில் இன்னொன்று. 1893இலிருந்து பெரியவர்களின் தூரம் அது. யாரோ 60 அடி 0 அங்குலத்தைத் தப்பாகப் படித்ததால் வந்த அளவு என்ற கதையைச் சொல்லாதீர்கள். அதற்கு முன் பிட்சரின் (பந்து வீசுபவரின்) பின்கால் 55 அடி 6 அங்குலத்தில் இருந்தது. 5 அடி பின்னே தள்ளினார்கள், அவ்வளவுதான். 1839இல் கூப்பர்ஸ்டவுனில் ஆப்னர் டபுள்டே இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தார் என்பதும் இதே ரகம். அந்த ஆண்டு அவர் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் மாணவர்.

இரண்டு வாரம் கழித்து, புதிதாகச் சேர்ந்த பிள்ளைக்கு மற்றவர்களையே சொல்லச் சொல்லுங்கள். ஆண்டு தவறினால் விட்டுவிடலாம். காரணம் தவறினால் பந்துகளை மறுபடியும் கோட்டில் வையுங்கள்.