ஃப்ளஷ் சரியா போகலையா? ஒரு வாளி தண்ணி ஊத்திப் பாருங்க

பிளம்பருக்கு போன் போடுறதுக்கு முன்னாடி, ஒரு வாளி தண்ணியை டாய்லெட் கோப்பையில வேகமா ஊத்துங்க. சட்டுனு உள்ளே இழுத்தா குழாய்ல அடைப்பு இல்லை, கோளாறு ஃப்ளஷ் டேங்க்லயோ, அதுலேருந்து கோப்பைக்குத் தண்ணி வர்ற வழியிலயோதான். அதுவும் மேலேறி நின்னா அடைப்பு, இல்லைன்னா செப்டிக் டேங்க் நிரம்பியிருக்கும். அதுக்கு ஆளைத்தான் கூப்பிடணும்.

டேங்க் மூடியைத் திறங்க. உள்ளே நிமிர்ந்து நிக்கிற ஓவர்ஃப்ளோ குழாயோட வாய்க்கு ஒரு அங்குலம் கீழே வரைக்கும் தண்ணி நிக்கணும். குறைஞ்சிருந்தா மிதவையைக் கொஞ்சம் ஏத்தி வைங்க, போதும்.

டேங்க் நிறைய தண்ணி இருந்தும் வேகம் இல்லையா? கடலூர், புதுச்சேரி பக்கம் போர் தண்ணி புழங்குற வீடுகள்ல முதல் சந்தேகம் உப்பு மேலதான். கோப்பை விளிம்புக்கு அடியில வரிசையா சின்ன ஓட்டைகள் இருக்கும். குனிஞ்சா தெரியாது, முகம் பாக்குற கண்ணாடியைக் கீழே பிடிச்சுப் பாருங்க. வெள்ளையா, சில இடத்துல பழுப்பா ஏடு கட்டியிருக்கும். பழைய துணியைக் கிழிச்சு வினிகர்ல நனைச்சு, விளிம்பு முழுக்க அழுத்திச் சொருகிட்டுத் தூங்கப் போங்க. காலையில ஒயர் துண்டால ஒவ்வொரு ஓட்டையா குத்தி, பழைய டூத் பிரஷ்ஷால தேய்ச்சா உதிரும். ரொம்ப நாள் ஏடுன்னா இன்னொரு ராத்திரியும் வேணும்.

அவசரப்பட்டு ஆசிட் ஊத்துறது எனக்குப் பிடிக்காது. அதோட ப்ளீச்சிங் பவுடரும் சேர்ந்தா குளோரின் வாயு கிளம்பும், சின்ன பாத்ரூம்ல உயிருக்கே ஆபத்து. வினிகரோடயும் ப்ளீச்சிங் பவுடரைச் சேக்காதீங்க.