மைலோ டின்னில் புதன் கோளின் இரவு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பிற்பகல் 33 டிகிரி செல்சியஸ் இருந்தால், விடியற்காலையில் 24 இருக்கும். ஒன்பது டிகிரிதான் இறக்கம். புதன் கோளிலோ பகலில் 430, இரவில் மைனஸ் 180. இறக்கம் 610 டிகிரி! இவ்வளவு பெரிய இடைவெளி எப்படி வருகிறது என்பதை நம் வீட்டு வாசலிலேயே அளந்து பார்க்கலாம். ஒரு பகலும் ஓர் இரவும் போதும்.

ஒரே அளவான மூன்று மைலோ டின், காய்ந்த ஆற்று மணல், தண்ணீர், பழைய பேப்பர், இரண்டு தெர்மாமீட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் உதவாது, அது 35 டிகிரிக்குக் கீழே காட்டாது. சமையலுக்கு விற்கும் டிஜிட்டல் வகை நல்லது.

முதல் படி: காற்றை அளப்பது

தெர்மாமீட்டரை நிழலில், நெஞ்சு உயரத்தில் தொங்கவிடுங்கள். தகரக் கூரைக்குப் பக்கத்தில் வேண்டாம், கூரைச் சூட்டைத்தான் காட்டும். மதியம் மூன்று மணிக்கு ஒருமுறை, காலை ஆறரைக்கு ஒருமுறை குறித்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் சூரியன் ஏழு மணிக்கு மேல்தான் வரும். அதற்குச் சற்று முன்புதான் குளிர் அதிகம்.

இரண்டாம் படி: மணலும் தண்ணீரும்

இரண்டு டின்னில் மணல், ஒன்றில் தண்ணீர் நிரப்புங்கள். சுற்றிலும் பேப்பரை நன்றாகச் சுற்றிக் கட்டுங்கள், பக்கவாட்டில் சூடு போகாது. தண்ணீர் டின்னின் வாயை மெல்லிய பிளாஸ்டிக்கால் மூட மறக்காதீர்கள். மூடாவிட்டால் தண்ணீர் ஆவியாகிக் குளிர்ந்து, கணக்கைக் கெடுத்துவிடும்.

பதினொரு மணியிலிருந்து வெயிலில் வையுங்கள். மூன்று மணிக்கு, மேலிருந்து அரை அங்குல ஆழத்தில் அளங்கள். மணல் நன்றாகச் சுட்டிருக்கும், தண்ணீர் அவ்வளவு ஏறியிருக்காது. இருட்டியதும் மணிக்கு ஒருமுறை அளந்தால் மணல் மளமளவென்று இறங்குவது தெரியும். ஒரு கிலோ தண்ணீரைச் சூடாக்க அதே அளவு மணலைவிட ஐந்து மடங்கு சக்தி வேண்டும். போதாததற்கு, காய்ந்த மணல் சூட்டை உள்ளே விடாமல் மேலேயே வைத்திருக்கும். புதனின் தரையும் நிலவின் தரையும் இப்படிப்பட்ட காய்ந்த தூள்தான். நிலவில் ஒரு மீட்டர் தோண்டினால் இரவும் பகலும் ஏறக்குறைய ஒரே சூடு.

மூன்றாம் படி: வானத்தைத் திறந்து வைப்பது

எனக்கு மிகவும் பிடித்த படி இது. இருட்டியதும் ஒரு மணல் டின்னைத் திறந்த வெளியிலும், மற்றதை வாசல் கூரைக்கு அடியிலும் வையுங்கள். காலை ஆறரைக்கு இரண்டையும் அளங்கள். வானம் தெளிவாக இருந்திருந்தால் வெளியில் இருந்த மணல்தான் அதிகம் குளிர்ந்திருக்கும், பனியும் பிடித்திருக்கும். மேகமான இரவில் செய்தால் வித்தியாசம் சுருங்கிவிடும்.

விடியும் முன்னே ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டக் கிளம்பிய என் பாட்டிக்கு இது தெரியும். முதல் நாள் ராத்திரியே வானத்தைப் பார்த்துவிட்டு, “மேகமே இல்ல, காலைல குளிரும். சட்டையப் போட்டுக்க ஐயா” என்பார். தரை இரவு முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராகச் சூட்டை மேலே விட்டுக்கொண்டே இருக்கிறது. மேகமும் காற்றிலுள்ள ஈரமும் அதில் ஒரு பங்கைப் பிடித்துத் திருப்பி அனுப்புகின்றன. நம் ஊரில் ஈரம் அதிகம் என்பதால்தான் ஒன்பது டிகிரியோடு நிற்கிறது. காய்ந்த சஹாராவில் 20 டிகிரி இறக்கம் சாதாரணம்.

நான்காம் படி: கோள்களோடு ஒப்பிடுவது

இரவு நீளமாக இருப்பதுதான் காரணமோ என்று தோன்றும். புதனின் ஓர் இரவு நம் கணக்கில் 88 நாள், அதற்கும் பங்கு உண்டுதான். ஆனால் செவ்வாயின் இரவு நம் இரவைப் போலவே ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம். அங்கே நடுக்கோட்டில் நண்பகலில் 20 டிகிரி வரை ஏறினாலும், இரவில் மைனஸ் 70க்கும் கீழே போய்விடும். அதன் காற்றழுத்தம் நம்முடையதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

இப்போது வெள்ளியைப் பாருங்கள். ஒரு சூரிய உதயத்திலிருந்து அடுத்ததற்கு 117 நாள். அத்தனை நீண்ட இரவிலும் சூடு சுமார் 465 டிகிரியிலேயே நிற்கிறது! பூமியைப்போல் 90 மடங்கு அழுத்தமுள்ள கரியமில வாயு அதைப் போர்த்தியிருக்கிறது. அந்த வாயு சூட்டை வெளியே விடாது, பகல் பக்கத்திலிருந்து இரவுப் பக்கத்துக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும். சூரியனுக்கு இன்னும் அருகிலுள்ள புதனின் நண்பகலைவிட வெள்ளியின் நள்ளிரவு சூடு அதிகம்.

சுமார் 40 ஒளியாண்டு தொலைவில் உள்ள டிராப்பிஸ்ட்-1பி என்ற கோளிலும் இதே கணக்கைப் போட்டார்கள். அது தன் விண்மீனுக்கு எப்போதும் ஒரே முகத்தைக் காட்டும் கோள் என்று கருதப்படுகிறது. 2023இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அதன் பகல் பக்கத்தை அளந்தபோது சுமார் 230 டிகிரி வந்தது. தடித்த காற்று இருந்து சூட்டை இரவுப் பக்கத்துக்குப் பங்கு போட்டிருந்தால் பகல் பக்கம் அவ்வளவு சுட்டிருக்காது. ஆகவே அங்கே தடித்த காற்று இருக்க வாய்ப்பில்லை என்று சொன்னார்கள்.