36 நாணயங்களும் ஒரு பகடையும்: நிலைமாற்றத்தைக் கையால் செய்து பார்ப்போம்

இரும்பை 770 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கினால் அதன் காந்தத்தன்மை போய்விடுகிறது. இரும்பின் ஒவ்வோர் அணுவும் பெரும்பாலும் தன் பக்கத்து அணுக்களின் போக்கைத்தான் உணர்கிறது. அப்படியிருக்க, கோடானுகோடி அணுக்கள் எல்லாம் குறிப்பிட்ட ஒரே வெப்பநிலையில் எப்படி ஒற்றுமையைக் கைவிடுகின்றன? இப்படி முழு அமைப்பும் ஒரு குறிப்பிட்ட அளவில் வேறு நிலைக்கு மாறுவதைத்தான் நிலைமாற்றம் என்கிறோம். நிகழ்தகவுக் கணிதத்தில் என்னை இந்த அளவுக்கு ஈர்த்த கேள்வி வேறில்லை. விடையின் பெரும்பகுதியைச் சாப்பாட்டு மேசையிலேயே, கணினி இல்லாமல் பார்த்துவிடலாம்.

தேவையானவை: 36 நாணயங்கள், சுண்டுவதற்குத் தனியாக ஒரு நாணயம், ஆறு முகப் பகடை ஒன்று, தாள், பென்சில்.

முதல் படி: பலகை

ஆறுக்கு ஆறு கட்டம் வரைந்து, எல்லா நாணயங்களையும் தலை மேலே தெரியும்படி வையுங்கள். ஒவ்வொரு நாணயமும் ஓர் அணு; தலையும் பூவும் அது காந்தமாகத் திரும்பி நிற்கும் இரு திசைகள். ஒவ்வொன்றுக்கும் மேல், கீழ், இடம், வலம் என நான்கு அண்டை நாணயங்கள் உண்டு. ஓரத்தில் இருப்பவற்றுக்கு எதிர் ஓரத்தில் இருப்பதை அண்டையாகக் கொள்ளுங்கள். வலது கோடி நாணயத்துக்கு அதே வரிசையின் இடது கோடி நாணயம் அண்டை. இதனால் எந்த நாணயமும் தனித்துவிடப்படாது.

இரண்டாம் படி: விதி

பகடையை இருமுறை உருட்டுங்கள். முதல் எண் வரிசை, இரண்டாம் எண் நெடுவரிசை. அங்கிருக்கும் நாணயத்தை எடுத்து, அதன் அண்டைகளில் எத்தனை அதே முகத்தைக் காட்டுகின்றன என்று எண்ணுங்கள்.

இரண்டோ அதற்குக் குறைவோ என்றால் யோசிக்காமல் புரட்டிவிடுங்கள். மூன்று என்றால் தனி நாணயத்தை இருமுறை சுண்டுங்கள். இரண்டிலும் தலை விழுந்தால் மட்டும் புரட்டுங்கள். நான்கு என்றால் நான்குமுறை சுண்டி, நான்கிலும் தலை விழ வேண்டும். அவ்வளவுதான் விதி.

இது வெறும் விளையாட்டு விதி என்று தோன்றலாம். அண்டைகளில் மூன்று ஒத்திருக்கும் நாணயத்தைப் புரட்டினால், பொருந்தாத இணைகள், அதாவது வெவ்வேறு முகம் காட்டும் அண்டை ஜோடிகள், ஒன்றிலிருந்து மூன்றாகின்றன. அந்தத் திசையில் போக நாலில் ஒரு வாய்ப்பு; திரும்பி வரத் தடையே இல்லை. ஆகவே நீண்ட காலப்போக்கில், இரண்டு பொருந்தா இணைகள் கூடுதலாக உள்ள அமைப்பு நாலில் ஒரு பங்கு தடவைதான் தோன்றும். ஒவ்வொரு பொருந்தா இணையும் வாய்ப்பைப் பாதியாக்குகிறது: ஓர் இணைக்கு இரண்டில் ஒரு பங்கு என்ற விலை. இந்த விலைதான் வெப்பநிலை: சூடு ஏற ஏற விலை 1-ஐ நெருங்கும். இந்த உத்தியை 1953-ல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் மெட்ரோபொலிஸ், ரோசன்புளூத் தம்பதியர், டெல்லர் தம்பதியர் வெளியிட்டார்கள். பலகையோ அதற்கும் முந்தையது. 1920-ல் இயற்பியலாளர் வில்ஹெல்ம் லென்ஸ் முன்வைத்து, மாணவர் எர்ன்ஸ்ட் ஈசிங் ஆராய்ந்த மாதிரி அது.

மூன்றாம் படி: சூடும் குளிரும்

36 முறை நாணயம் தேர்ந்தெடுப்பதை ஒரு சுற்று என்போம். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் தலைகளின் எண்ணிக்கையிலிருந்து பூக்களின் எண்ணிக்கையைக் கழித்துக் குறித்துக்கொள்ளுங்கள். பத்துச் சுற்றாவது பொறுமையாக ஆடுங்கள். அவசரப்பட்டால் எதுவும் தெரியாது. தொடக்கத்தில் 36 ஆக இருந்த எண் கீழே இறங்கி அலையத் தொடங்கும். போகப்போகப் பூஜ்யத்தைத் தாண்டி எதிர்ப்பக்கமும் போய்வரும். தொடக்கம் தலையா பூவா என்பதைப் பலகை மறந்துவிடுகிறது.

மறுபடி எல்லாவற்றையும் தலையாக்கி, ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். இரண்டுமுறை சுண்டிய இடத்தில் மூன்று, நான்குமுறை சுண்டிய இடத்தில் ஆறு. இப்போது பெரும்பாலான நேரம் ஒன்றிரண்டு பூக்களே தெரியும். ஒரு பூ முளைத்தாலும் சுற்றியுள்ள தலைகள் அதை விரைவில் மாற்றிவிடுகின்றன. ஒரே ஒரு சுண்டல் கூடியதும், பலகை தன் தொடக்கத்தை நினைவில் வைத்துக்கொள்கிறது!

(36 நாணயங்கள் என்பதால் மிக நீண்ட நேரம் ஆடினால் முழுப் பலகையும் ஒருநாள் பூவாகும். முடிவிலாப் பலகையில் அது நடக்காது. உண்மையான நிலைமாற்றம் அங்கேதான் இருக்கிறது.)

நான்காம் படி: ஏன்?

தலைகளின் நடுவே ஒரு பூத்தீவு உருவாக வேண்டுமானால் அதைச் சுற்றி எல்லைக்கோடு வேண்டும். அந்தக் கோட்டின் ஒவ்வொரு துண்டும் ஒரு பொருந்தா இணை. எனவே ஒவ்வொரு துண்டுக்கும் விலை உண்டு. ஆனால் கோடு ஒவ்வோர் இடத்திலும் நேராகவோ இடமாகவோ வலமாகவோ திரும்பலாம், மூன்று வழிகள். விலைக்கும் வழிகளின் எண்ணிக்கைக்கும் நடக்கும் போட்டிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. மூன்று அண்டைகள் ஒத்திருந்தால் நான்குமுறை, நான்கும் ஒத்திருந்தால் எட்டுமுறை எனச் சுண்டினால் ஒரு துண்டின் விலை நாலில் ஒன்று. மூன்றால் பெருக்கினால் முக்கால், ஒன்றுக்கும் குறைவு. கோடு நீள நீள அதன் வாய்ப்பு தேய்கிறது, பெரிய தீவுகள் அரிதாகின்றன. இயற்பியலாளர் ருடால்ஃப் பையர்ல்ஸ் 1936-ல் சொன்ன வாதத்தின் சாரம் இது. நாணயங்களை ஒரே நேர்கோட்டில் அடுக்கினால் தீவைப் பிரிக்க இரண்டே துண்டுகள் போதும், தீவு எவ்வளவு பெரிதானாலும் விலை ஏறாது. அதனால்தான் ஒரு பரிமாணத்தில் நிலைமாற்றம் இல்லை என்று ஈசிங் கண்டார்.

மூன்று சுண்டலுக்கு இதே கணக்கைப் போட்டால் 1.06 வருகிறது, வாதம் கைவிட்டுவிடுகிறது. ஆனாலும் ஒழுங்கு நிலைக்கிறது. ஒழுங்கு குலையத் தொடங்கும் துல்லியமான எல்லையை 1941-ல் இயற்பியலாளர்கள் கிராமர்ஸும் வானியரும் சமச்சீர் வழியாகக் கணித்தார்கள். 1944-ல் லார்ஸ் ஒன்சாகர் முழுத் தீர்வு தந்தார். நம் விதியின் மொழியில், மூன்று அண்டைகள் ஒத்திருக்கும்போது புரட்டும் வாய்ப்பு 3−2√2, அதாவது சுமார் 0.1716 ஆக இருப்பதே அந்த எல்லை. இருமுறை சுண்டல் 0.25, மும்முறை சுண்டல் 0.125. நடுவே எல்லை.

ஐந்தாம் படி: பகடையால்

சுண்டும் நாணயத்தை ஒதுக்கிவிட்டுப் பகடையால் முடிவு செய்யுங்கள். மூன்று ஒத்திருந்தால் ஒருமுறை உருட்டி 1 விழ வேண்டும், நான்கு என்றால் அடுத்தடுத்து இருமுறை 1. ஆறில் ஒன்று என்பது 0.1667, எல்லைக்குக் கீழே மயிரிழையில் நிற்கிறது! முடிவிலாப் பலகையில் இந்த இடத்தில் காந்தமாக்கம், அதாவது தலைகளுக்கும் பூக்களுக்கும் உள்ள வேறுபாடு மொத்த நாணயங்களில், 73 சதவீதம் இருக்கும்; மும்முறை சுண்டலில் அது 93 சதவீதம். வாய்ப்பை ஐந்தில் ஒன்றாக்கினாலோ பூஜ்யம். உங்கள் சிறு பலகையில் இவ்வளவு கூர்மையாகத் தெரியாது, ஆனால் பகடையில் வரும் தீவுகளைக் கவனியுங்கள். சிறியதும் பெரியதுமாக எல்லா அளவிலும் முளைத்துக் கரையும். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் அவற்றை வரைந்து வையுங்கள்.