ஜான் ரோஜர்ஸ் நாடகம்: ராயபுரத்து மொட்டைமாடியில் போடுவதற்கு

1555 பிப்ரவரி 4, லண்டன் ஸ்மித்ஃபீல்ட். இங்கிலாந்தின் கத்தோலிக்க அரசி மேரியின் ஆட்சியில் முதலில் எரிக்கப்பட்ட புராட்டஸ்டன்ட் போதகர் ஜான் ரோஜர்ஸ். வாலிபர் ஐக்கியம் 10 நிமிடத்தில் போட, நியூகேட் சிறையிலிருந்து, அவரைக் கட்டி எரித்த கம்பம்வரை போதும். 1537-ல் 'தாமஸ் மத்தேயு' என்ற புனைபெயரில் அவர் வெளியிட்ட ஆங்கில பைபிளை, அதாவது மத்தேயு பைபிளை, அறிவிப்பாளரே சொல்லிவிடலாம்.

வெள்ளை அங்கி போடாதீர்கள், எல்லோரும் செய்யும் தப்பு அது. கம்பத்துக்கு முன்பே குருப்பட்டத்தைப் பறித்துவிட்டார்கள். பழைய பழுப்பு ஜிப்பா போதும்.

வழியில் அவர் சொன்னது 51-ம் சங்கீதம். 19 வசனமும் சொன்னால் நடை இழுக்கும், 12-ல் நிறுத்துங்கள். மனைவி 11 பிள்ளைகளோடு ஓரமாக நிற்கட்டும், ஒன்று கைக்குழந்தை. நிஜக் குழந்தை மைக் சத்தத்துக்கு வீறிடும், துணிப்பொதியே நல்லது.

தீதான் பெரிய வேலை. டேபிள் ஃபேனை மல்லாக்க வைத்து, மேலே கொசுவலை இறுக்கி, 2 அடி சிவப்பு, ஆரஞ்சு நைலான் கீற்றுகளைக் கட்டுங்கள். வலை இல்லாவிட்டால் ஃபேனை நிறுத்தும்போது நுனி உள்ளே விழுந்து, அடுத்த தடவை பிளேடில் சுற்றும். வெளிச்சத்துக்கு எல்இடி மட்டும். ஹாலஜன் நைலானை உருக்கும். சாயங்காலக் கடல்காற்று கீற்றைச் சாய்க்கும், கிழக்கே ஒரு தட்டி வையுங்கள்.

கம்பத்தில் வந்த மன்னிப்பையும் அவர் மறுத்தார். அதன்பிறகு அலறல் வேண்டாம்: குளிர்ந்த நீரில் கழுவுவதுபோல் தீயில் கைகளைத் தேய்த்தார், அவ்வளவே.