காலையில் திணறும் வண்டி: கார்புரேட்டரைப் பிரிப்பதற்கு முன்

மார்கழி பிறந்தால் போதும், தெருவுக்கு இரண்டு பேராவது வாசலில் நின்று கிக்கரை உதைத்துக்கொண்டிருப்பார்கள். பத்து உதை, பதினைந்து உதை. ஒருவழியாகப் பிடித்துக்கொண்டால் அப்புறம் நாள் முழுக்க அரை உதையில் ஸ்டார்ட். இந்த ஓர் அடையாளமே பாதி பழுதைச் சொல்லிவிடும். ஆனால் வண்டி வேலை பழகுகிறவர்கள் எல்லோரும், அவர்களுக்கு முன்னால் பழகியவர்கள் வழுக்கிய அதே இடத்தில்தான் வழுக்குகிறார்கள்.

பெட்ரோல் டேப் மூடியிருப்பது, கில் சுவிட்சை மறப்பது போன்றவற்றை விட்டுவிடுவோம். கீழே ஒவ்வொரு தலைப்பும் அப்படி வழுக்கும் ஓர் இடம். இவை பெரும்பாலும் கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் பகுதி) வைத்த 100 முதல் 150 சிசி வண்டிகளுக்கானவை. பிஎஸ்6 இன்ஜெக்‌ஷன் வண்டிகளைப் (புதிய புகை விதிப்படி, கார்புரேட்டர் இல்லாமல் வந்தவை) பற்றிக் கடைசியில் கொஞ்சம் இருக்கிறது.

குளிர் என்று சொல்லி விட்டுவிடுவது

சென்னையில் மார்கழி விடியற்காலையிலும் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். நல்ல வண்டிக்கு அது குளிரே இல்லை. ஊட்டியில் உறைபனி விழுந்த காலையில் சோக் போட்டும் நாலு உதை கேட்டால் நியாயம். சமவெளியில் பத்து உதை கேட்கிறது என்றால் ஏதோ பழுது இருக்கிறது, குளிர் அதைக் காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான்.

பெட்ரோல் திரவமாக எரியாது. ஆவியாகிக் காற்றோடு கலந்தால்தான் தீப்பொறி அதைப் பற்றவைக்கும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது உள்ளே போகும் பெட்ரோலில் ஒரு பகுதி குழாய்ச் சுவரிலேயே ஒட்டிக்கொள்கிறது. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் சோக். எனவே காலையில் மட்டும் திணறும் வண்டியில் தேட வேண்டியது மூன்று: பெட்ரோல் போதாமை, கம்ப்ரஷன் கசிவு (சிலிண்டருக்குள் அழுத்தப்படும் கலவை வெளியே நழுவுவது), பலவீனமான ஸ்பார்க்.

சோக் போட்டுவிட்டு ஆக்ஸிலேட்டரை முறுக்குவது

சோக்கில் இரண்டு வகை உண்டு. கார்புரேட்டர் வாயை ஒரு தகடு மூடுவது ஒன்று. தனி வழியைத் திறந்து கூடுதல் பெட்ரோல் விடும் பிளஞ்சர் மற்றொன்று. இரண்டாவது வகை வேலை செய்ய, எஞ்சின் இழுக்கும் வெற்றிடம் முழுசாகக் கிடைக்க வேண்டும். ஆக்ஸிலேட்டரைத் திறந்த நொடியில் அது போய்விடும், சோக் போட்டும் போடாத கணக்குத்தான். இந்த வகையில் கையை முழுக்க விட்டுவிட்டு உதையுங்கள். தகடு வகையில் ஒரு நூல் அளவு திறக்கலாம்.

உதைக்கும் முன் நாலு தடவை முறுக்கி விடும் பழக்கத்தால் ஒரு பயனும் இல்லை. இந்தச் சின்ன கார்புரேட்டர்களில் பெரும்பாலும் முறுக்கும்போது பெட்ரோலைப் பீய்ச்சும் பம்ப் கிடையாது.

சோக் லீவரை இழுத்தால் உள்ளே தகடோ பிளஞ்சரோ உண்மையில் முழுதாக நகர்கிறதா என்றும் ஒரு தடவை பாருங்கள். ஹேண்டிலில் லீவர் உள்ள வண்டிகளில் கேபிள் தளர்ந்து பாதிதான் நகரும்.

டேப்பெட்டைத் தொடாமல் மற்றதையெல்லாம் மாற்றுவது

இதைத்தான் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் மற்ற தவறுகள் நேரத்தைத் தின்னும், இது எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டையே தின்னும். கலவை உள்ளே வரவும் புகை வெளியே போகவும் திறந்து மூடுபவை வால்வுகள். அவற்றை அழுத்தித் திறக்கும் நெம்புகோல் ராக்கர். இரண்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய துளி இடைவெளியை வைப்பதைத்தான் டேப்பெட் வைப்பது என்கிறோம்.

நடப்பது எப்போதும் ஒரே வரிசை. காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை. முதலில் புது பிளக். இரண்டு நாள் தேவலாம் போல் இருக்கும், பிறகு பழைய கதை. அடுத்து கார்புரேட்டர் சர்வீஸ், அதுவும் இரண்டு தடவை. பிறகு தீப்பொறிக்கான இக்னிஷன் காயில், சிடிஐ பெட்டி. கடைசியில் கார்புரேட்டரே புதிது. அத்தனை பணமும் போன பிறகு யாரோ ஒருவர் டேப்பெட் மூடியைக் கழற்றி விரலால் ராக்கரை ஆட்டிப் பார்ப்பார். துளியும் ஆடாது. புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வில் இடைவெளியே இல்லை.

“டேப்பெட் சத்தமே இல்லையே, அப்புறம் எதுக்குப் பார்க்கணும்?” என்பதுதான் கேட்கும் முதல் கேள்வி. சத்தம் இல்லாததுதான் இங்கே அறிகுறி. வால்வின் முகமும் அது உட்காரும் சீட்டும் தேயத் தேய, வால்வு ஹெட்டுக்குள் மேலேறுகிறது. அதன் தண்டின் நுனி ராக்கரை நெருங்கி, இடைவெளி குறைந்துகொண்டே வரும், சத்தமும் அடங்கும். ராக்கர் தேய்ந்தால்தான் இடைவெளி கூடிச் சத்தம் போடும். சத்தத்தை வைத்தே தீர்ப்புச் சொல்கிறவர் பாதிப் பழுதைத்தான் காண்கிறார். போதாக்குறைக்கு, “டக் டக்னு கேக்குது, கொஞ்சம் டைட் வையுங்க” என்று கேட்டு வாங்கிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. அந்தப் பேச்சைக் கேட்டு டைட் வைக்கிறவர் மேல்தான் கோபம் அதிகம் வருகிறது.

இடைவெளி இல்லாத வால்வு முழுசாக மூடாது. கம்ப்ரஷன் கசியும். ஐடிலில், அதாவது ஆக்ஸிலேட்டரைத் தொடாதபோது, எஞ்சின் சுமார் 1400 ஆர்பிஎம்மில் சுற்றும்போது ஒரு கம்ப்ரஷன் ஸ்ட்ரோக் (பிஸ்டன் கலவையை அழுத்திக்கொண்டு மேலேறுவது) ஒரு விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரத்தில் முடிந்துவிடுகிறது, கசிய அவகாசமில்லை. கிக்கரில் உதைக்கும் வேகம் வெறும் சில நூறு ஆர்பிஎம். அதே ஸ்ட்ரோக்குக்குப் பல மடங்கு நேரம், அத்தனை நேரமும் கசிவு. இதோடு குளிரில் ஆவியாகாத பெட்ரோலும் சேர்ந்தால் பற்றாது. சூடான பிறகு பெட்ரோல் நன்றாக ஆவியாவதால் குறைந்த கம்ப்ரஷனிலும் பிடித்துக்கொள்ளும். நாள் முழுக்க வண்டி நன்றாக ஓடுவதன் இரகசியம் இதுதான்.

எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டைப் பெரும்பாலும் சீட்டில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில்தான் ஹெட்டுக்குக் கடத்துகிறது. சரியாக உட்காராவிட்டால் சூடு தங்கி, விளிம்பு கருகும். அதன் பிறகு டேப்பெட் வைத்துப் பயனில்லை. ஹெட்டை இறக்கி, வால்வு மாற்றி, சீட் வெட்டி, கேஸ்கெட் போட்டாக வேண்டும். அரை மணி நேர வேலை இப்படித்தான் பெரிய வேலையாகிறது.

செய்ய வேண்டியது இது. வண்டி இரவு முழுக்க நின்று ஆறியிருக்க வேண்டும், சூட்டில் பார்த்த அளவு பொய். பிளக்கைக் கழற்றுங்கள். டேப்பெட் மூடிகளையும் எஞ்சினின் பக்கவாட்டிலுள்ள மேக்னட் கவரின் இரண்டு மூடிகளையும் திறந்து, எஞ்சின் ஓடும் திசையிலேயே கிராங்கைச் சுற்றி, பிஸ்டன் உச்சியில் நிற்பதைக் காட்டும் ‘டி’ குறியைக் கவரிலுள்ள கோட்டுக்கு நேராகக் கொண்டுவாருங்கள். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, டாப் கியரில் பின்சக்கரத்தை முன்னோக்கிச் சுற்றினாலும் வரும். இப்போது இரண்டு ராக்கரும் லேசாக ஆட வேண்டும். ஒன்று இறுகியிருந்தால் அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள், தவறான ஸ்ட்ரோக்கில் நிற்கலாம். இன்னும் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். அப்போதும் ஆடாவிட்டால் அது டைட்தான்.

இந்த வகை வண்டிகளில் பெரும்பாலும் இடைவெளி 0.05 முதல் 0.10 மி.மீ.க்குள் இருக்கும். இன்டேக், எக்ஸாஸ்ட் அளவுகள் வேறுபடலாம், உங்கள் வண்டியின் மேனுவலைப் பாருங்கள். 0.08 என்று கொடுத்திருந்தால் ஃபீலர் கேஜில் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளின் கட்டு) 0.08 தகடு லேசான பிடிப்போடு போக வேண்டும், 0.10 போகக் கூடாது. லாக் நட்டை இறுக்கும்போது அட்ஜஸ்டரும் கூடவே திரும்பும். ஆகவே இறுக்கிய பிறகு மறுபடி அளந்தே தீர வேண்டும். விரலால் ஆட்டிப் பார்த்தே வைக்கும் கை அனுபவம் பெரிய விஷயம்தான், ஆனால் 0.03 மி.மீ. வித்தியாசம் விரலுக்குத் தெரியாது.

டேப்பெட் சரி செய்தும் திணறினால் கம்ப்ரஷன் கேஜ் வையுங்கள். ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திறந்து வைத்து உதைக்க வேண்டும். அளவு குறைவாக இருந்தால் பிளக் ஓட்டையில் ஒரு டீஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் பிஸ்டன் ரிங் அல்லது சிலிண்டர் போர் தேய்மானம். ஏறாவிட்டால் கசிவு வால்வில்.

பைலட் ஜெட்டைக் கம்பியால் குத்துவது

சோக் போட்டால் ஓடுகிறது, ஐந்து நிமிடம் சூடேறியும் சோக்கை எடுத்தால் நின்றுவிடுகிறது என்றால் பைலட் ஜெட் (ஐடிலில் பெட்ரோல் விடும் சிறு துளைக் குழாய்) அடைப்பு, அல்லது கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் இடையிலுள்ள இன்சுலேட்டரில் விரிசல். பைலட் ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டர்கூட இராது. பித்தளை மெத்தென்ற உலோகம், பிரேக் கேபிள் கம்பி ஒரு தடவை நுழைந்தாலே துளை பெரிதாகிவிடும். அப்புறம் ஐடிலில் கரும்புகையும் மைலேஜ் இழப்பும் நிரந்தரம். கார்ப் கிளீனரில் ஊறவைத்துக் காற்றடித்தால் போதும். வெளிச்சத்தில் பிடித்தால் துளை முழு வட்டமாகத் தெரிய வேண்டும்.

எண்ணாமல் ஸ்க்ரூவைத் திருப்புவது

கார்புரேட்டரில் ஐடில் கலவையைச் சரிசெய்யும் ஸ்க்ரூ ஏர்ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றை அளக்கிறது, வெளியே திருப்பினால் பெட்ரோல் விகிதம் குறையும். எஞ்சின் பக்கம் உள்ளது நேர் எதிர். முதலில் மெதுவாக உள்ளே திருப்பி, எத்தனை சுற்றில் உட்கார்ந்தது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இறுக்கினால் முனை கெட்டுவிடும்.

பிளக் ஓட்டையில் பெட்ரோல் ஊற்றுவது

வேண்டாம். தீப்பிடிக்கும்.

பத்து நாள் நின்ற வண்டியை நேராக உதைப்பது

கார்புரேட்டர் கிண்ணத்தில் நின்ற பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பகுதி முதலில் போய்விடும். காலையில் ஸ்டார்ட் ஆக உதவுவதே அந்தப் பகுதிதான். அடியிலுள்ள டிரெய்ன் ஸ்க்ரூவைத் தளர்த்திக் கண்ணாடிப் பாட்டிலில் பிடியுங்கள். அடியில் தனியாக ஓர் அடுக்கு தெரிந்தால் தண்ணீர். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து கீழே இறங்கும். அப்படியிருந்தால் டேங்கையும் பாருங்கள்.

பிளக்கைக் கழற்றித் தொங்கவிட்டு உதைப்பது

ஸ்பார்க் பார்க்க வேண்டுமானால் பிளக்கை கேப்பில் மாட்டி, அதன் உலோக உடம்பு ஹெட்டில் நன்றாகப் படும்படி, பிளக் ஓட்டையிலிருந்து தள்ளிப் பிடியுங்கள். கேப் வெறுமனே தொங்கினால் மின்சாரம் போக வழியின்றிக் காயிலும் சிடிஐயும் அடிபடும்.

செல்ஃபை விடாமல் அழுத்துவது

ஐந்து விநாடி, பிறகு பத்து விநாடி ஓய்வு. பேட்டரி இரவு நின்ற பிறகு 12.6 வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 10க்குக் கீழே விழுந்தால் பேட்டரி அல்லது அதன் டெர்மினல்.

கெட்டி ஆயில்

10டபிள்யூ-30 கேட்கும் வண்டிக்கு அதைவிடக் கெட்டியான 20டபிள்யூ-50 ஊற்றினால் வால்பாறை, கொடைக்கானல் காலைகளில் கிக்கர் கனமாகும். எஞ்சின் சுற்றும் வேகம் இன்னும் குறையும்.

இன்ஜெக்‌ஷன் வண்டியைக் கார்புரேட்டர் போல நடத்துவது

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் சோக் இல்லை. எஞ்சின் வெப்பநிலையைச் சென்சார் சொல்ல, பெட்ரோல் அளவை இசியூ என்ற மின்னணுப் பெட்டி தீர்மானிக்கிறது. சாவி போட்டதும் டேங்கிலிருந்து ‘உய்ங்’ என்று இரண்டு மூன்று விநாடி பம்ப் ஓடும் சத்தம் கேட்கும். அது அடங்கிய பிறகு, ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் செல்ஃபை அழுத்துங்கள். பம்ப் சத்தமே வராவிட்டால் ஃப்யூஸையும் பேட்டரியையும் பார்த்துவிட்டுத்தான் மற்றது. பம்ப் ஓடி, பேட்டரியும் சரியாக இருந்து, காலையில் மட்டும் திணறினால் இங்கேயும் முதலில் திறக்க வேண்டியது டேப்பெட் மூடியைத்தான்.